நீடிலை இரண்டு முறை மாற்றியும் ஒழுகும் கார்புரேட்டர்

கேள்வி சுருக்கமாக இது: 25 வருடப் பழைய மோட்டார் சைக்கிள். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் கார்புரேட்டருக்கு நேர் கீழே தரை நனைந்திருக்கிறது. ரிப்பேர் கிட் வாங்கி நீடிலையும் (பெட்ரோல் வரத்தை அடைக்கும் சின்ன ஊசி) கேஸ்கட்டையும் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் பட்டை) மாற்றியதும் ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஒழுகத் தொடங்கியது. இரண்டாவது கிட் போட்டபோது ஒரு நாள்கூட நிற்கவில்லை. இனி புது கார்புரேட்டர்தான் வழியா?

அநேகமாக வேண்டியிருக்காது. உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. முதல் முறை ஒரு வாரம் நின்றது, இரண்டாம் முறை ஒரு நாள்கூட நிற்கவில்லை. இவை இரண்டும் ஒரே கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு வாரம் நன்றாக இருந்து பிறகு ஒழுகினால் மேலிருந்து குப்பை வந்து நீடிலில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாட்டிய உடனேயே ஒழுகினால், நீடிலைத் தவிர வேறு ஏதோ வழியில் பெட்ரோல் இறங்குகிறது, அல்லது மிதவையே சரியில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்வோம். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் நிற்க வேண்டும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைப்பது போல, இங்கே மிதவை மேலே வந்து நீடிலை அது உட்காரும் துளையான இருக்கையில் அழுத்தி வரத்தை நிறுத்துகிறது. மட்டம் எல்லை மீறினால் வழிந்து வெளியேற, கிண்ணத்துக்குள் ஒரு சின்னப் பித்தளைக் குழாய் நிமிர்ந்து நிற்கும். அதுதான் ஓவர்ஃப்ளோ குழாய். அதன் வழியே சொட்டினால் கார்புரேட்டரில் ஓட்டை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் உள்ளே மட்டம் கட்டுக்கு அடங்கவில்லை என்பதுதான் சங்கதி.

இந்த அடைப்பு எவ்வளவு மெல்லியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் மட்டம் கார்புரேட்டருக்கு 30 செ.மீ. மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்குதான். அந்த உயரத்துக்கு அழுத்தம் சுமார் 0.02 பார் வரும். 2 மி.மீ. துளையுள்ள இருக்கையில் அந்த அழுத்தம் நீடிலைத் தள்ளும் விசை ஒரு கிராம் எடைக்கும் குறைவு. மிதவையும் அதற்கேற்ற சின்ன விசையோடுதான் எதிர்த்து நிற்கிறது. இவ்வளவு நுணுக்கமான தராசில் ஒரு துரும்பு துரு விழுந்தால் போதும், ஆட்டம் முடிந்தது. டேங்க் நிறைய இருக்கும்போது ஒழுகி, பாதிக்குக் குறைந்ததும் நின்றுவிடும் வண்டிகளுக்கும் இதுதான் காரணம். வெயிலில் நிறுத்தினால் மட்டும் ஒழுகுகிறதா? டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி நீடிலைத் தள்ளிவிடும். மூடியைச் சுத்தம் செய்தாலே போதும்.

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். நிறையப் பேர் தாண்டிப் போகும் படி இது. கார்புரேட்டரின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டு, வண்டியை நேராக நிறுத்தி பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கிண்ணத்தின் விளிம்பில் ஈரம் பூத்தால் கேஸ்கட். அடியில் கிண்ணத்தை வடிக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவில் சொட்டினால் அதன் முனையோ வாஷரோ. பெட்ரோல் ஹோஸ் மாட்டும் இடம் நனைந்தால் ஹோஸ் இறுகி வெடித்திருக்கும். ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டினால் மட்டம். ஏர் ஃபில்டர் பக்கத்து வாயிலிருந்து வந்தால் மட்டம் மிக உயர்ந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் நுண்துளையான ஜெட் வழியாகவே வழிகிறது அல்லது ஓவர்ஃப்ளோ குழாய் அடைத்திருக்கிறது. சைட் ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது மட்டும் ஓரிரு சொட்டு விழுந்தால் மட்டம் எல்லையை ஒட்டி நிற்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து போய், நாம் நினைக்காத மூலையில் இருக்கும் நெருப்பைத் தொடும். பூஜ்யத்துக்கும் 40 டிகிரி கீழே போனாலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். மூடிய அறையில் இந்த வேலை வேண்டாம். சூடு ஏறும் பழைய பல்பு விளக்கைப் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம்.

சரி, உங்களுடையது ஓவர்ஃப்ளோ குழாயில்தான் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிட்டு அதைக் கழற்றுங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே வரை கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, காகிதத்தின் மேல் சமமாகத் தாங்கி அரை மணி நேரம் விடுங்கள். அடியில் ஈரம் வந்தால் விஷயம் முடிந்தது. அந்தப் பித்தளைக் குழாயில் மயிரிழை விரிசல் இருக்கிறது, அல்லது அது கிண்ணத்தில் பதிந்திருக்கும் அடிப்பகுதி தளர்ந்திருக்கிறது. மட்டம் சரியாக இருந்தாலும் விரிசல் வழியே பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். நான் இந்தச் சோதனையைக் கற்றுக்கொள்வதற்கு முன் ஒரே கார்புரேட்டருக்கு மூன்று நீடில் மாற்றியிருக்கிறேன், மூன்றும் பழுதில்லாதவை. விரிசலை ஈயப் பற்று வைத்து அடைக்கலாம். பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும். கிண்ணத்தின் துத்தநாகக் கலவை 380 டிகிரியை ஒட்டி உருகும். அதனால் சின்ன சால்டரிங் அயர்ன் போதும், தீச்சுடரை அருகில் கொண்டுபோக வேண்டாம். கிண்ணத்தில் பெட்ரோல் ஈரம் கொஞ்சமும் இல்லாமல் காய்ந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். அடிப்பகுதி தளர்ந்திருந்தால் பெட்ரோலைத் தாங்கும் எபாக்சி வைக்கலாம்.

கிண்ணம் தப்பித்துவிட்டதா? அப்படியென்றால் மட்டம்தான். மறுபடி கிண்ணத்தை மாட்டி, ட்ரெயின் முனையில் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றைச் செருகி, கார்புரேட்டரின் பக்கவாட்டில் மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். ஹோஸில் பெட்ரோல் ஏறி நிற்கும் இடம்தான் உள்ளே இருக்கும் மட்டம். பல கார்புரேட்டர்களில் இது கிண்ணம் சேரும் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ அடைபடவில்லை. ஒரு இடத்தில் நின்று, ஆனால் உயரமாக நின்றால் மிதவை அளவு தவறியிருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றாமலேயே இவ்வளவும் தெரிந்துவிடும்.

இனி கழற்றுவோம். ஜப்பானிய வண்டிகளில் வரும் மிக்குனி, கெய்ஹின் கார்புரேட்டர்களின் ஸ்க்ரூ பார்க்கச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலவே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தின் தனி வடிவம். பல ஸ்க்ரூக்களின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது, திருகும்போது வழுக்கி வெளியே வந்து தலையைத் தேய்த்துவிடும். தலை தேய்ந்த ஸ்க்ரூவோடு போராடியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். அந்த வடிவத்துக்கான ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மிதவையைத் தாங்கும் பின் என்ற சின்ன உலோகக் குச்சி. பல மாடல்களில் இந்தப் பின்னின் ஒரு முனை சற்றுத் தட்டையாக இருக்கும். எதிர்ப் பக்கத்திலிருந்து தள்ளினால்தான் வரும். வராத பின்னைச் சுத்தியலால் தட்டினால், அதைத் தாங்கும் இரண்டு சிறு தூண்களில் ஒன்று ஒடிந்துவிடும். அந்தத் தூண் கார்புரேட்டர் உடலோடு வார்க்கப்பட்டது, தனியாகக் கிடைக்காது. நான் ஒரு முறை ஒடித்திருக்கிறேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஒரு ராத்திரி விட்டுவிட்டு, தூணுக்குப் பின்னால் விரலால் தாங்கு கொடுத்து மெதுவாகத் தள்ளுங்கள்.

நீடில் கையில் வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கூம்பான ரப்பர் முனையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் வருடினால் தட்டும். நீடிலின் மறுமுனையில் ஸ்பிரிங் வைத்த சின்னக் குச்சி இருந்தால் அது அழுத்தினால் இறங்கி உடனே எழ வேண்டும். வண்டி ஓடும்போது மட்டும் ஒழுகி, நிறுத்தினால் நின்றுவிடும் வண்டிகளில் இதையும் சந்தேகிக்கலாம். அதிர்வில் நீடில் துள்ளாமல் காப்பது அந்த ஸ்பிரிங்தான். நீடில் உட்காரும் பித்தளை இருக்கையில் கறை படிந்திருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் உலோகம் மெருகேற்றும் பசையைக் கொஞ்சம் தொட்டுச் சுழற்றினால் பளபளப்பாகிவிடும். வால்வு தேய்க்கும் சாணைப் பசையைப் போடாதீர்கள். அதன் பொடி பித்தளையில் பதிந்து அடுத்த நீடிலையும் அறுக்கும். கிட்டில் வரும் நீடில்கள் எல்லாம் நல்லவை என்றும் நம்ப வேண்டாம். பழைய நீடிலுக்கும் புதியதற்கும் நீளம் வேறுபட்டு, அதனால் மட்டம் மாறிப்போன கதையை நானே பார்த்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டு மாட்டுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கிட்டுக்கு வருகிறேன். நீடில் புதிது, இருக்கை சுத்தம், இருந்தும் நிற்கவில்லை. நான் முதலில் சந்தேகப்படுவது இருக்கையின் வெளிப்பக்கத்தை. இருக்கை பல கார்புரேட்டர்களில் தனிப் பாகம். மரையோடு திருகியிருந்தால் அடியில் ஒரு வாஷர் இருக்கும். அழுத்திச் செருகி ஒரு தகட்டால் பிடித்திருந்தால் சுற்றி ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், இருக்கும். இந்த ஓ-ரிங் 20 வருடத்தில் பிளாஸ்டிக் வளையல் போல இறுகிவிடும். பெட்ரோல் நீடிலைத் தொடாமலேயே இருக்கையின் வெளிப்புறம் சுற்றிக்கொண்டு கிண்ணத்தில் இறங்கும். வாசலுக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டு, நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடைவெளியை விட்டது போல. இந்த ஓ-ரிங் பல கிட்டுகளில் வருவதே இல்லை, அதனால் யாரும் மாற்றுவதும் இல்லை. கண்டுபிடிப்பது சுலபம். கார்புரேட்டரைத் தலைகீழாக வைத்து, நீடிலை விரலால் இருக்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வரத்துக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுங்கள். அழுத்தியும் கசிகிறது என்றால் இருக்கையின் சுற்றளவைப் பாருங்கள், ஈரம் அங்கே தெரியும். மாற்றும்போது பெட்ரோலைத் தாங்கும் வைட்டான் ஓ-ரிங்கைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ரப்பர் ஊதிப்போகும்.

அதுவும் சரியாக இருந்தால் மிதவை. பித்தளை மிதவை ஓட்டையாகியிருந்தால், காதருகே குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் சலசலக்கும். சத்தம் இல்லாவிட்டாலும் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள், ஊசித் துளையிலிருந்து குமிழி வரும். பற்று வைத்து அடைக்கலாம். ஆனால் உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கும்போது சூடான அயர்னைக் கொண்டுபோனால் மிதவை கையிலேயே வெடிக்கும். முதலில் துளையைப் பெரிதாக்கி வடித்து, சில நாள் காயவிட்டுவிட்டுத்தான் அடைக்க வேண்டும். அடைத்த பற்றின் எடையும் மட்டத்தை மாற்றும், மறுபடி அளக்க வேண்டும். நுரை போன்ற கறுப்புப் பொருளில் செய்த மிதவை பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போனால் அதைப் பழுது பார்க்க முடியாது. இரட்டை சிலிண்டர் வண்டியென்றால் இரண்டு மிதவைகளையும் தராசில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

மிதவையின் உயரம் பற்றி ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ்கட் விளிம்பிலிருந்து மிதவையின் உச்சி வரை அளக்கிறோம். இந்த அளவு கூடினால் பெட்ரோல் மட்டம் குறையும், அளவு குறைந்தால் மட்டம் ஏறும். ‘மிதவை உயரத்தைக் கூட்டு’ என்று மேனுவலில் படித்ததும் மட்டத்தை உயர்த்தச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் வளைத்தவர்கள் நிறையப் பேர். அளக்கும்போது நீடிலின் ஸ்பிரிங் குச்சி அமுங்கக் கூடாது. அதனால் கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, மிதவையின் நாக்கு (நீடிலைத் தள்ளும் சிறு தகடு) குச்சியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். வளைக்க வேண்டியது அந்த நாக்கை மட்டும், அதுவும் ஒரு முடி அளவு. நாக்கு பிளாஸ்டிக்கில் இருந்தால் வளைக்கவே முடியாது, பாகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இனி உங்கள் முதல் கிட்டின் கதை, ஒரு வாரம் நின்று மறுபடி ஒழுகியது. கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் செம்மண் போலப் படிந்திருந்ததா? அது டேங்கின் துரு. டேங்கைக் கவனிக்காமல் நீடிலை மாற்றுவது, சேறு வரும் ஓடையின் கீழே நின்றுகொண்டு குடத்தைக் கழுவுவது போலத்தான். டேப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு வலைக் குழாய் இருக்க வேண்டும். பல பழைய வண்டிகளில் அது கிழிந்தோ காணாமலோ போயிருக்கும். அதை மாற்றுங்கள், டேங்கை இறக்கிக் கழுவுங்கள், ஹோஸின் நடுவில் ஒரு ஃபில்டர் போடுங்கள். வழியில் வண்டி ஒழுகத் தொடங்கினால், கிண்ணத்தின் பக்கவாட்டை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டு தட்டினால் சில நேரம் நின்றுவிடும். துகள் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வீடு போய்ச் சேர உதவும், ஆனால் துகள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

டேப்பையும் விசாரிக்க வேண்டும். நிறுத்தும்போது டேப்பை மூடினீர்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. மூடியும் ராத்திரி முழுக்க ஒழுகினால் கோளாறு இரண்டு இடத்தில், கார்புரேட்டரிலும் டேப்பிலும். ஹோஸைக் கழற்றி, மூடிய டேப்பின் கீழே ஒரு பாட்டிலை வைத்தால் தெரிந்துவிடும். உள்ளே நான்கு துளையுள்ள ரப்பர் வாஷர் இறுகிப்போயிருக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் தானாகத் திறக்கும் வேக்யூம் டேப் என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் டயஃப்ரம் என்ற ரப்பர்ச் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் வேக்யூம் ஹோஸ் வழியாக நேரே எஞ்சினுக்குள் போகும். கார்புரேட்டரை எவ்வளவு பார்த்தாலும் தரை நனையாது, ஆனால் எஞ்சின் நிறைந்துகொண்டிருக்கும்.

இதனால் பழுது பார்க்கும் முன் எஞ்சின் ஆயிலை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ மட்டம் ஏறியிருந்தாலோ ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெலிந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தேங்கியிருந்தால் அதைவிட மோசம். திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினைக் கையால் சுழற்றிப் பாருங்கள்.

கேஸ்கட் பற்றி ஒன்றே ஒன்று: சிலிக்கோன் பசை வேண்டவே வேண்டாம். பெட்ரோலில் அது ஊறிப் பிசிறாகி, ஜெட்டின் துளையில் போய் உட்காரும். கிண்ணத்தின் விளிம்பு வளைந்திருந்தால், கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்குங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் இந்த வயது வண்டிகளை வாட்டுகிறது. பழைய ரப்பர்கள் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியின் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பது அந்த ஈரம் உலோகத்தை அரித்ததால்தான். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டி என்றால் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஆமல் கார்புரேட்டர் போட்ட பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் குளிரில் ஸ்டார்ட் ஆக மிதவையை அமுக்கிப் பெட்ரோலை வழியவிடும் ஒரு பொத்தான் உண்டு. அந்தப் பொத்தான் அமுங்கிய நிலையில் சிக்கினால் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்காமல் நீடிலைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் வண்டியில் மாட்டும் முன் மேஜையிலேயே சோதியுங்கள். கார்புரேட்டரை நிமிர்த்திப் பிடித்து, 30 செ.மீ. உயரத்தில் ஒரு சின்னப் பெட்ரோல் பாட்டிலைத் தொங்கவிட்டு ஹோஸால் இணைத்து, கீழே காகிதம் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். வாயால் ஊதிப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் உண்டு. காற்றை நிறுத்திய நீடில் ராத்திரி முழுக்கப் பெட்ரோலையும் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. வாயில் பெட்ரோல் வேறு.

புது கார்புரேட்டர் எப்போது வேண்டும் என்று கேட்டீர்களே, மிதவைத் தூண் ஒடிந்திருந்தால், இருக்கை உட்காரும் குழி அரித்துப் புது ஓ-ரிங்கும் பிடிக்காமல் போனால், அல்லது இருக்கை உடலோடு சேர்ந்தே வார்க்கப்பட்டு அதில் ஆழமான கீறல் விழுந்திருந்தால். உங்களுடையதில் இந்த மூன்றும் இல்லையென்றால், முதலில் அந்த இருக்கை ஓ-ரிங்கைப் பாருங்கள், அப்புறம் டேங்கைக் கழுவுங்கள். மூன்றாவது கிட்டை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.